கூட்டத்துக்கு ஒரு மைக்

உங்கள் அறை பேசுவதற்கு நல்ல அறை, ஐயா. ஜன்னலுக்குக் கனத்த திரை, சுவர் முழுக்கக் கோப்புகள், தரையில் பழைய விரிப்பு. துணியும் காகிதமும் சத்தத்தைக் குடித்துவிடும், எதிரொலி இருக்காது. நான் மெதுவாகப் பேசினாலும் எழுதுகிறவருக்குக் கேட்கும். மின்விசிறி மட்டும் ஒரு பக்கமாக உரசுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

இருபத்திரண்டு வருடமாக நகர மன்ற அரங்கத்தில் மைக் பார்க்கிறவன் நான். பேர் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, மைக்காரர் என்றால் தெரியும். டீச்சர் இறந்துபோன வழக்கை நீங்கள்தான் விசாரித்தீர்கள். ஒன்பது பேர் சிறையில் இருக்கிறார்கள். நானும் சாட்சி சொன்னேன், ஞாபகம் இருக்கும். அன்றைக்கு நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒழுங்காகச் செய்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு நொடி மைக் கீச்சென்று கத்தினால் போதும், முந்நூறு தலையும் ஒரே நேரத்தில் பின்பக்கம் திரும்பி முறைக்கும். மைக்கைக் கடித்துத் தின்பது போலப் பேசுகிற உறுப்பினர் இருக்கிறார். மைக்கைப் பார்த்தாலே இருமல் வருகிறவர் இருக்கிறார். தலைவர் மைக்கைக் கையால் அடித்து 'ஹலோ, ஹலோ' என்று சொல்லாமல் பேச்சை ஆரம்பிக்க மாட்டார். இத்தனை பேரையும் கேட்கிற மாதிரி ஆக்கி வெளியே அனுப்புவது என் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் யாரும் ஒரு தடவை நன்றி சொன்னதில்லை. டீச்சர் மட்டும் சொல்வார். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அரங்கத்தின் பின்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று இருக்கிறது. எட்டுப் படி ஏற வேண்டும். உள்ளே நானும் என் மிக்சரும். மேலும் கீழும் தள்ளுகிற பொத்தான்கள் வரிசையாக இருக்கிற பெட்டி அது. ஒவ்வொன்றுக்கும் கீழே காகிதத் துண்டு ஒட்டி என் கையெழுத்தில் எழுதியிருப்பேன். தலைவர். மேடை. கேள்வி. கடைசியில் கூட்டம்.

கூட்டம் என்று எழுதியிருப்பது கூரையிலிருந்து தொங்குகிற இரண்டு மைக்குகள். யார் எழுந்து என்ன கேட்டாலும் பதிவாக வேண்டும் என்பதற்காகப் போட்டவை. அவை பதிவுக்கு மட்டும்தான், அரங்கத்து ஸ்பீக்கரில் வரக் கூடாது. வந்தால் ஸ்பீக்கரின் சத்தத்தை மைக் வாங்கும், மைக்கின் சத்தத்தை ஸ்பீக்கர் வாங்கும், சுற்றிச் சுற்றி ஊளையிட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தேவைப்படும். பதிவுக்குத் தனி வழி. மைக்கிலிருந்து வருகிற சத்தம் என் பொத்தானைத் தொடுவதற்கு முன்னாலேயே இரண்டாகப் பிரிந்து, ஒன்று பதிவுக்குப் போய்விடும். பொத்தானை நான் ஏற்றினாலும் இறக்கினாலும் அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். பதிவில் அவரவர் குரல் அவரவர் பேசிய அளவில் அப்படியே இருக்கும். என் கை தவறினாலும் மன்றத்தின் ஆவணம் தவறக் கூடாது என்று நானாக யோசித்துச் செய்த ஏற்பாடு அது. அப்போது அதைப் பாராட்டி ஒரு கடிதம்கூடக் கொடுத்தார்கள். சரி, அது எழுத்தில் சொன்ன நன்றி, கணக்கில் வராது.

முதல் தடவை நடந்தது தவறுதலாகத்தான். பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றுவது பற்றிய கூட்டம். காலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, 'கூட்டம்' பொத்தானைக் கீழே இறக்க மறந்துவிட்டேன். கொஞ்சம்தான் ஏறியிருந்தது, அதனால் ஊளை வரவில்லை. தலைவர் பேசிக்கொண்டிருந்தார். நடு வரிசையில் யாரோ நாலு பேர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு ஸ்பீக்கர் வழியாக அரங்கம் முழுக்கத் திரும்பி வந்தது. கூட்டம் ஒரு நொடி அமைதியாகி, பிறகு பொங்கியது. எல்லாரும் ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கிறார்கள், நாம் மட்டும்தான் சும்மா இருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். தலைவர் ஆறு நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கடைக்காரர் கத்தரியை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"நேத்து நாங்க போட்ட சத்தத்துல தலைவருக்குக் கால் ஆடிருச்சு, பாத்தீங்கல்ல? இனிமே இவங்கள இப்படித்தான் வழிக்குக் கொண்டுவரணும்."

பார்த்தேன் என்றேன். அவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உள்ளம் குளிர்ந்து போயிருந்தது. முந்நூறு பேர் போட்ட சத்தத்தில் பாதி என்னுடையது என்று அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு தவறுதலாகச் செய்யவில்லை. ஊளை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று ஆளில்லாத மதியங்களில் சோதித்து, அதற்கு ஒரு நூல் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். நீங்கள் இப்போது போய்ப் பார்த்தாலும் அந்தக் கோடு இருக்கும். மேடையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு மைக் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு நான் ஒன்று கொடுத்தேன். யாருடைய வாயிலும் நான் ஒரு சொல்லைக்கூடப் போடவில்லை, ஐயா. வந்ததைக் கொஞ்சம் பெரிதாக்கினேன், அவ்வளவுதான். அரசியல்வாதிகள் என்றால் ஊரில் யாருக்குத்தான் ஆகிறது? வாக்குறுதி கொடுத்து வாயில் மண்ணைப் போடுகிறவர்கள். கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்தேன். பயப்படவும் செய்தார்கள்.

டீச்சர் அவர்களைப் போல இல்லை. இதை நான் அப்போதே சொல்லியிருப்பேன், யாராவது கேட்டிருந்தால்.

பத்தொன்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். அதன் பிறகு தேர்தலில் நின்று, நகர மன்றத்தின் தண்ணீர்க் குழுவுக்குப் பொறுப்பேற்றார். கழுத்தில் ஒரு அறுவைச் சிகிச்சை நடந்து, குரல் நாண் இரண்டில் ஒன்று செயலிழந்திருந்தது. பேசினால் காகிதத்தில் விரல் உரசுகிற மாதிரி ஒரு குரல் வரும். கத்தக் கூடாது, சிரமப்பட்டுப் பேசினால் இருப்பதும் போய்விடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்றாவது வரிசைக்கு மேல் மைக் இல்லாமல் அவர் பேச்சு போகாது.

அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரை மணி நேரம் முன்பே வந்து, எட்டுப் படியையும் ஏறி என் அறைக்கு வருவார். பேசப்போவதன் நகல் ஒன்று எனக்கும் கொடுப்பார். ஆசிரியர் இல்லையா, சில வரிகளுக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருக்கும்.

"இந்த எடத்துல எல்லாம் என் குரல் எறங்கிரும்ணே. நீங்கதான் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும்."

"அதுக்கென்னம்மா, நான் பாத்துக்கறேன்."

எங்களுக்குள் ஒரு ஏற்பாடும் இருந்தது. அரங்கத்தில் கேட்கவில்லை என்று தோன்றினால் மைக்கின் தலையில் விரலால் மூன்று தடவை தட்டுவார். நான் ஏற்றுவேன். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. முடிந்ததும் திரும்பவும் மேலே வந்து, "இன்னிக்கு எப்படிண்ணே?" என்று கேட்பார். "நல்லா கேட்டுச்சும்மா" என்பேன். நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு தடவை அவர் பேசும்போது என் கவனம் பிசகி மைக் கீச்சிட்டுவிட்டது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "எனக்குப் போன குரல் எங்க இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பி என் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்குத் தேதி பதினேழு, சனிக்கிழமை. முன் வரிசையில் சிரித்தவர்கள் பதினான்கு பேர். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பிறகு தண்ணீர்த் திட்டம் வந்தது. ஏரி மூன்று வருடமாக நிரம்பவில்லை. ஊரின் கழிவுநீரைச் சுத்தம் செய்து, குடிநீர்க் குழாயிலேயே திரும்ப விடலாம் என்று டீச்சர் சொன்னார். எத்தனை கட்டமாக வடிகட்டுவது, எத்தனை முறை பரிசோதிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எனக்குக் கொடுத்த நகலில் நான் எல்லாவற்றையும் படித்தேன். தப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் நினைத்தாலே குமட்டுகிற விஷயத்தை எத்தனை பக்கம் எழுதி என்ன பயன்? ஊர் கொதித்தது. சாக்கடை டீச்சர் என்று பேர் வைத்தார்கள். சுவரில் எழுதினார்கள். அவர் வீட்டு வாசலில் வாளி வாளியாகக் கொட்டினார்கள், எதை என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் மன்றத்து ஊழியன் என்பதால் என் வீட்டையும் விடவில்லை. கறுப்புத் தண்ணீர் ஊற்றிய பாட்டில் ஒன்றைக் கதவில் கட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரி அதை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"உங்க தங்கச்சி அனுப்பிருக்காங்க, குடிங்க."

"அந்தம்மா அண்ணேன்னு கூப்புடறாங்க, அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஏங்க, ஒரு தடவையாவது அவங்க மைக்க அமத்திப் போட உங்களுக்குத் தோணலையா? அத்தன பேரு அங்க வந்து கத்துறாங்க, உங்களுக்கு ஒரு பொத்தான்தான."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளை இதில் இழுக்காதீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

மக்கள் கருத்துக் கேட்பு என்று ஐந்து சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. முதல் வாரம் வழக்கம்போலக் 'கூட்டம்' பொத்தானைப் பென்சில் கோடு வரை ஏற்றினேன். வந்தவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே கேட்க வந்தவர்கள். முடிவெட்டுகிறவர்கூட, மழை பொய்த்தால் வேறு வழி இருக்கிறதா என்று ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். சத்தம் ஏறியதும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவரும் எழுந்துவிட்டார். இரண்டாவது வாரம், டீச்சரின் பொத்தானை அரை விரல் இறக்கினேன். அவர் மூன்று தடவை தட்டினார். ஒரு நூல் ஏற்றினேன். திரும்பத் தட்டினார். நான் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் சோதனைச் சாலையில் சுத்தம் செய்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து, மேடையிலேயே குடித்துக் காட்டினார். குடிப்பதற்கு முன் நாலு வரி சொன்னார். என் நகலில் அந்த நாலு வரிக்குக் கீழும் சிவப்புக் கோடு இருந்தது. இதே தண்ணீரை ஒரு மாதமாக என் வீட்டில் நானும் என் பெண்ணும் குடிக்கிறோம் என்கிற வரிகள். அரங்கத்தில் ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை. ஒரு பெண்மணி வாயை அசைத்துவிட்டு எதையோ குடிக்கிறார், அதைத்தான் பார்த்தார்கள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் கோடு வரை ஏற்றினேன்.

அன்றைக்கு அவர் படியேறி வந்தபோது மூச்சு வாங்கியது. குரல் இன்னும் தேய்ந்திருந்தது. கேட்க வைக்க வேண்டும் என்று தொண்டையை வருத்தியிருக்கிறார்.

"இன்னிக்கு யாருக்குமே கேக்கலையாண்ணே?"

இந்த இடத்தில் நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஒலிக்காரரைக் கூட்டிவந்திருப்பார், சோதித்திருப்பார். அப்போதே அவர் பிழைத்திருப்பார்.

"நல்லா கேட்டுச்சும்மா. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அவங்களுக்குப் புடிக்கல, அவ்வளவுதான்."

அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கே தப்பு என்று தேடுகிற மாதிரி.

"கேட்டும் புடிக்கலன்னா, நான் சொல்ற விதத்துலதான் ஏதோ கோளாறு. பிள்ளைங்களுக்குப் புரியலன்னா டீச்சர் மேலதான தப்பு?"

அடுத்த வாரம் பேச்சை முழுக்க மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். சின்னச் சின்ன வாக்கியங்கள். எளிமையாக, அழகாக இருந்தது. அதுவும் கேட்கவில்லை. நான்காவது வாரம் முடிந்ததும் வந்து கதவோரமாகவே நின்றார்.

"விட்டுரட்டுமாண்ணே? வீட்ல பொண்ணு அழறா. தொண்டையும் முடியல. ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில வெச்சிருக்கேன்."

விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். இந்த வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருப்பார். அதை நினைக்காத நாள் கிடையாது. ஆனால் அடுத்த சனிக்கிழமைதான் கடைசிக் கூட்டம். இரண்டு மடங்கு ஆள் வரும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அறுநூறு பேர், அந்த இரண்டு மைக், அந்தக் கோடு. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு சத்தம் எனக்கு வாய்த்ததில்லை.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. இன்னும் ஒரு வாரம் பாத்துருங்கம்மா" என்றேன்.

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று இறங்கிப் போனார்.

கடைசிச் சனிக்கிழமை நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. நாற்காலிகளை எடுத்துவிட்டு ஆட்கள் நின்றார்கள். காவலுக்கு இரண்டே பேர், அவர்களும் வெளிவாசலில். டீச்சர் பேச ஆரம்பித்து ஏழாவது நிமிடம், முன்னால் ஊன்றுகோலோடு நின்றிருந்த ஒருவர் நெரிசலில் கீழே விழுந்தார். மேலிருந்து நானும் பார்த்தேன். டீச்சர் தாளைக் கீழே வைத்துவிட்டு, திட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு மைக்கில் சொன்னார்: "முன்னால ஒருத்தர் விழுந்துட்டார். தயவுசெஞ்சு ரெண்டு அடி பின்னால போங்க. ரெண்டு அடி போதும். யாரும் தள்ளாதீங்க." நாலு தடவை சொன்னார்.

கூட்டத்துக்கு வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. இன்னமும் சாக்கடையைப் பற்றித்தான் வாதாடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். சத்தம் இன்னும் ஏறியது. அவர் மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கினார், விழுந்தவரைத் தூக்குவதற்கு. பக்கக் கதவு வழியாகத் தப்பித்து ஓடுகிறார் என்று யாரோ கத்தினார்கள். முன்னாலிருந்தவர்கள் மறிக்கப் போனார்கள், பின்னாலிருந்தவர்கள் அவர்களைத் தள்ளினார்கள். ஊன்றுகோல்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தது, பிழைத்துக்கொண்டார். டீச்சரின் தலை படியின் விளிம்பில் பட்டது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்கள் பதிவைக் கேட்டீர்கள். விரைவு நீதிமன்றத்திலும் போட்டார்கள். டீச்சரின் குரல் எவ்வளவு தெளிவு! முடிவெட்டுகிறவர் கூண்டில் நின்று, "என் பிள்ளைங்க மேல சத்தியமா எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க. வாய் அசைஞ்சத பாத்தேன், அவ்வளவுதான்" என்றபோது பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இவ்வளவு தெளிவாகக் கேட்ட பிறகும் இரக்கமில்லாமல் மிதித்தார்கள் என்று தீர்ப்பில் எழுதினார்கள். ஆளுக்குப் பத்து வருடம். என்னிடம் நீங்கள் ஒரே கேள்விதான் கேட்டீர்கள், மைக் நல்ல நிலையில் இருந்ததா என்று. இருந்தது என்றேன். அது உண்மைதான். அந்த மைக்கில் எந்தக் கோளாறும் இல்லை.

அந்த ஒன்பது பேரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தள்ளினார்கள். ஆனால் இரண்டு அடி பின்னால் போங்கள் என்று யாரோ சொல்வது கேட்டிருந்தால் போயிருப்பார்கள். முடிவெட்டுகிறவர் நிச்சயமாகப் போயிருப்பார். என் தலையில் இத்தனை வருடம் கத்தி வைத்தவர், ஒரு கீறல் விழுந்ததில்லை. இப்போது கடை பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போவதைத் தவிர்க்க நான் இரண்டு தெரு சுற்றிப் போகிறேன்.

போன வாரம் டீச்சரின் பெண் என் அறைக்கு வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். அம்மாவுக்கு நான் அண்ணன் என்பதால் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, நினைவுக் கூட்டத்தில் அவர் குரலைப் போட வேண்டும், நல்ல நகல் ஒன்று வேண்டும் என்றாள். அவள் எதிரிலேயே போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இவ்வளவு தெளிவா இருக்கே மாமா. கேட்டும் தள்ளியிருக்காங்களே. எங்கம்மாவ இந்த ஊர் அவ்வளவு வெறுத்துச்சா?"

நான் பதிவை நிறுத்தினேன்.

"அம்மா வீட்ல சொல்வாங்க, அந்த ஹால்ல என் பக்கம் இருக்கற ஒரே ஆள் மைக்கார அண்ணன்தான்னு. கூட்டத்துல உங்க கையாலதான் அம்மா குரலப் போடணும் மாமா."

அவள் போன பிறகு பொத்தானில் கை வைக்கப் பார்த்தேன், ஐயா. வைக்க முடியவில்லை. வீட்டில் வீட்டுக்காரி கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டுகிறாள், மூன்று தடவை. எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் தட்டுகிறார்கள். எனக்குச் சோறு இறங்குவதில்லை. இனிமேல் அப்படித் தட்டாதே என்று அவளிடம் கத்திவிட்டேன். முப்பது வருடத்தில் நான் அவளிடம் கத்தியதில்லை. ஏன் என்று கேட்டாள். அதைச் சொல்ல அவளிடம் வாய் வரவில்லை, உங்களிடம் வந்திருக்கிறேன்.

பொய் எதுவும் சொல்லவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஒன்று சொன்னேன். உங்களிடம் கொடுத்த பதிவு முழுசானது இல்லை. நடுவில் பதினோரு நொடியை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தேன். நாலு தடவை சொல்லியும் யாரும் நகராதபோது டீச்சர் நிமிர்ந்து என் கண்ணாடியைப் பார்த்தார். மைக்கின் தலையில் மூன்று தடவை தட்டினார். பிறகு எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி மைக்கில் பேசினார். அது பதிவில் இருந்தால் பொத்தான் கீழே கிடந்தது உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

காதில் ஹெட்போன் போட்டிருந்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை. போட்டிருந்தேன். அதில் பதிவுக்குப் போகிற அவர் குரல் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது, முழுசாக, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. அறுநூறு பேரில் ஒருவருக்கும் கேட்காதது எனக்குக் கேட்டது. என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. நான் யோசித்தேன். இப்போது திடீரென்று ஏற்றினால் அவர் குரல் அரங்கம் முழுக்க அதிரும், இத்தனை நேரம் இறங்கியிருந்தது எல்லாருக்கும் தெரிந்துவிடும், எல்லாத் தலையும் பின்னால் திரும்பி என் கண்ணாடியைப் பார்க்கும். அதைத்தான் யோசித்தேன். கண்ணாடிக்கு வெளியே அந்தச் சத்தம் கோட்டைத் தொட்டு நின்றுகொண்டிருந்தது, ஊளைக்கு ஒரு நூல் கீழே, அசையாமல். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. அவர் படியில் இறங்குகிற வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை, ஏற்றவும் இல்லை. அவரைக் கொன்றது நான்தான். ஒன்பது பேருடைய கையும் காலும் என்னுடையவை.

இந்தச் சின்னப் பென் டிரைவில் அந்தப் பதினோரு நொடியும் இருக்கிறது. வெட்டினேனே தவிர, தூக்கிப் போட மனசு வரவில்லை. மூன்று தட்டு கேட்கும். அப்புறம், "அண்ணே, ஏத்துங்கண்ணே, ஆள் கீழ கெடக்கறார்" என்பார். உங்கள் கணினியிலேயே போட்டுக் கேட்கலாம். ஸ்பீக்கரில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. அவருக்கு மெல்லிய குரல்.